மேடில்லா நாட்டில் சைக்கிள்

மேடு பள்ளமற்ற நாட்டிலே சைக்கிளோட்டுவது எளிதென்று எண்ணுவோர் ஆடி மாதத்து நண்பகலில் மட்டக்களப்புக்கு வந்து பார்க்கட்டும். இங்கே மலையில்லை, கச்சான் உண்டு. மத்திய மலைநாட்டிலே மழையைக் கொட்டிவிட்டு, வெப்பத்தை மட்டும் சுமந்து மேற்கிலிருந்து வரும் அக்காற்றை எதிர்த்து மிதிப்பது மலையேறுவதை ஒக்கும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜை அடுத்த தாழ்நிலங்களிலும் சைக்கிளோட்டிக்குக் காற்றே மலை. ஆயினும் அது குளிர்காற்று!

ஆதலால் என் மாணவர்க்கு நான் கூறும் வழி இது: விடியற்காலையிலே கல்லடிப் பாலத்தைக் கடந்து, காத்தான்குடி, ஆரையம்பதி வழியே மண்முனைத் துறைக்குச் செல்லுங்கள். 2014ஆம் ஆண்டுக்கு முன் அங்கே பாலமில்லை. நம்மவர் ‘பாதை’ என வழங்கும் மிதவையிலே சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடப்போம். பாதை மறுகரையில் நின்றுவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். படுவான்கரையிலிருந்து வந்த மாணவர் சிலர் அவ்வாறு காத்திருந்தே முதற்பாடத்தைத் தவறவிட்டனர். அவர்களைக் கடிந்தவர்களுள் நானும் ஒருவன். ஒருநாள் நானே அக்கரையில் ஒரு மணிநேரம் நின்ற பின்னரே கடிவதை நிறுத்தினேன்.

இன்று சில நிமிடங்களில் பாலத்தைக் கடந்து, வயல்களினூடே கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தை அடையலாம். திரும்புகையில், மண்முனை வரையிலேனும், கச்சான் முதுகைத் தள்ளும்.