கொலராடோ ஆற்றின் பழைய கணக்கு

1922 நவம்பரில் அமெரிக்காவின் மேற்கிலுள்ள 7 மாநிலங்கள் கொலராடோ ஆற்று நீரைப் பங்கிட ஒப்பந்தம் செய்துகொண்டன. மேல்படுகைக்குப் பாதி, கீழ்ப்படுகைக்குப் பாதி என்று ஆண்டுக்குச் சுமார் 650 டி.எம்.சி. பிரிக்கப்பட்டது. காவிரிக்கு நடுவர் மன்றம் கணக்கிட்ட மொத்த நீர் 740 டி.எம்.சி. என்பதை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். பங்கிட்டவர்களிடம் இருந்தது சில பத்தாண்டுகளின் நீர்வரத்துக் கணக்கு மட்டுமே. அதையே ஆற்றின் வழக்கமான வரத்து என்று எடுத்துக்கொண்டார்கள். 1944-ல் மெக்சிகோவுக்கும் 65 டி.எம்.சி. தருவதாக உடன்பாடு ஆனது.

ஆற்றின் உண்மையான வரத்து எவ்வளவு? அளவுகோல் வைப்பதற்கு முந்தைய காலத்தை யாரிடம் கேட்பது? பதில் மலைச்சரிவுகளில் நின்ற பைன் மரங்களிடம் இருந்தது.

குளிர்காலம் உள்ள நாடுகளில் மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். வசந்தத்தில் வளரும் பகுதி வெளிர்நிறம், கோடை முடிவில் உருவாகும் பகுதி அடர்நிறம். ஈரம் கிடைத்த ஆண்டில் வளையம் அகலமாக இருக்கும், வறண்ட ஆண்டில் குறுகிவிடும். ஆனால் எல்லா மரமும் இதைச் சொல்லாது. ஆற்றங்கரை மரத்துக்கு எந்த ஆண்டும் தண்ணீர்க் குறை இல்லை, அதனால் வளையங்களும் ஒரே மாதிரி இருக்கும். மண் குறைந்த பாறைச் சரிவில், வானத்தை மட்டும் நம்பி நிற்கும் மரத்தைத்தான் ஆய்வாளர்கள் தேடிப் போவார்கள்.

மரத்தை வெட்ட வேண்டியதில்லை. உள்ளே பொள்ளலாக இருக்கும் துளைப்பானைப் பட்டையிலிருந்து நடுத்தண்டு வரை திருகி, பென்சிலைவிட மெல்லிய ஒரு குச்சியை உருவி எடுப்பார்கள். அதைக் கட்டையில் ஒட்டி, உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து அளப்பார்கள். வளையத்தை எண்ணினால் மட்டும் போதாது. கடும் வறட்சியில் சில மரங்கள் வளையமே போடாமல் விட்டுவிடும். எண்ணிக்கை ஓராண்டு பிசகினால் அதற்கு முந்தைய வரலாறு முழுவதும் தவறிப்போகும். அதனால் பல மரங்களின் அகல-குறுகல் வரிசையை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, விடுபட்ட ஆண்டைக் கண்டுபிடிப்பார்கள். இந்தத் துறைக்கே உயிர்நாடி இந்தப் பொருத்தம்தான்.

இதை நிலைநாட்டியவர் வானியலாளர் ஆண்ட்ரூ டக்ளஸ். அரிசோனாவின் பழங்குடி மக்கள் கைவிட்டுப்போன வீடுகளின் உத்தரங்களையும் உயிருள்ள மரங்களையும் அவர் இணைக்க முயன்றார். இடையில் இருந்த இடைவெளியை 1929-ல் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த கருகிய உத்தரம் ஒன்று நிரப்பியது. 1276 முதல் 1299 வரை நீண்ட பெருவறட்சி ஒன்று அந்த வரிசையில் துலக்கமாகத் தெரிந்தது.

கொலராடோவுக்கு வருவோம். ஆற்றில் வரத்தை அளந்த ஆண்டுகளின் வளையங்களை அந்த அளவுகளோடு ஒப்பிட்டால், இவ்வளவு அகலத்துக்கு இவ்வளவு நீர் என்ற தொடர்பு கிடைக்கும். அந்தத் தொடர்பைக் கொண்டு அளவே இல்லாத நூற்றாண்டுகளுக்குப் பின்னோக்கிப் போகலாம். ஸ்டாக்டன், ஜாகோபி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1976-ல் இப்படிக் கணக்கிட்டபோது நீண்டகாலச் சராசரி 590 டி.எம்.சி.யை ஒட்டியே வந்தது. ஒப்பந்தம் போட்ட காலமோ பல நூற்றாண்டுகளிலேயே மிகச் செழிப்பான காலங்களில் ஒன்று. இல்லாத தண்ணீரைப் பங்கு போட்டிருக்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் பல பத்தாண்டுகள் ஆறு மெலிந்தே ஓடியது என்று 2007-ல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது.

நம் பக்கத்தில் பெரும்பாலான மரங்கள் தெளிவான ஆண்டு வளையம் போடுவதில்லை. இலையுதிர்க்கும் தேக்கு விதிவிலக்கு. கேரளத் தேக்குகளைக் கொண்டு இந்திய ஆய்வாளர்கள் 1481 வரை போய்விட்டார்கள். ஆசியப் பருவமழைக்கென மர வளையங்களால் 2010-ல் உருவான வறட்சி வரைபடத் தொகுப்பில், சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின் வறட்சி இந்தியாவைத் தாண்டி ஆசியாவின் பெரும்பகுதியில் விரிந்து கிடக்கிறது.

கொலராடோ பகுதியில் 2000 முதல் 2021 வரையிலான 22 ஆண்டுகள், கடந்த 1,200 ஆண்டுகளில் மிக வறண்ட 22 ஆண்டுகள் என்று மரங்கள் சொல்கின்றன. பழைய வறட்சிகளுக்குக் காரணம் இயற்கையின் ஏற்ற இறக்கம் மட்டுமே. இப்போது மனிதர் கூட்டிய வெப்பமும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது. 1922-ல் எழுதிய பங்கீடு இன்னும் சட்டமாகவே இருக்கிறது.