வீராணத்தில் யாருக்கு எவ்வளவு?

கடலூர் மாவட்டச் செய்திகளில் வீராணம் ஏரியின் நிலவரம் அடிக்கடி வரும். முழு மட்டம் 47.50 அடி, இன்றைய மட்டம் இவ்வளவு, சென்னைக் குடிநீருக்கு வினாடிக்கு எழுபது சொச்சம் கன அடி. காட்டுமன்னார்கோவில் பக்கத்து சம்பா விவசாயி கவலையோடு தேடுவது அந்தக் கடைசி எண்ணைத்தான்.

சோழர் காலத்தில் பாசனத்துக்கென்றே வெட்டிய ஏரி இது. கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. இதை நம்பியிருப்பது சுமார் 45,000 ஏக்கர். 2004-இல் புதிய வீராணம் திட்டம் வந்த பிறகு, நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர் வரை குழாய் வழியே சென்னைக்குப் போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 180 மில்லியன் லிட்டர் என்பது 6.3 மில்லியன் கன அடிக்குச் சற்று மேல். ஆண்டு முழுவதும் எடுத்தால் 2,300 மில்லியன் கன அடியைத் தாண்டும். அதாவது ஏரியின் முழுக் கொள்ளளவைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். மேட்டூரில் திறந்த காவிரி நீர் கல்லணை, கொள்ளிடம், கீழணை, வடவாறு என்று கடந்து வந்து ஏரியைத் திரும்பத் திரும்ப நிரப்பினால்தான் இது நடக்கும். மேட்டூர் வறண்ட ஆண்டில் ஏரியில் மிஞ்சியிருப்பதைத்தான் நகரமும் வயலும் பங்கிட வேண்டும்.

பாதிப்பு வறட்சியோடு நிற்பதில்லை. நகரத்துக்காக ஏரியைத் தளும்பத் தளும்ப வைத்திருக்கும்போது பெருமழை பிடித்தால், வரும் வெள்ளத்தைத் தாங்க உள்ளே இடம் இருக்காது. உபரிநீரை வெள்ளியங்கால் ஓடையில் திறந்துவிட வேண்டிவரும். தண்ணீர் சூழ்வது அதன் கரையோர ஊர்களை. பாசன ஏரியாக இருந்து சென்னையின் குடிநீர் ஏரியான செம்பரம்பாக்கத்தில், 2015 டிசம்பர் 1 அன்று வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரை பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது.

குடிநீருக்கே முதலிடம் என்கிறது தேசிய நீர்க் கொள்கை. அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் குடிநீரும் அடங்கும் என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. இரண்டும் நியாயமே. ஆனால் முதலிடம் என்பது அளவில்லாத உரிமை ஆகாது. எந்த மட்டம் வரை எடுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்; அது ஆயக்கட்டுக்காரர் கையிலும் இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் லேனியர் ஏரி விஷயத்தில் இதற்காகவே பல்லாண்டு வழக்கு நடந்தது. வெள்ளத்தடுப்பு, மின்சாரம், படகுப் போக்குவரத்து இவற்றுக்காகக் கட்டிய அணை அது. அதன் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அட்லாண்டா வட்டாரத்துக்கு ஒதுக்கிய உடன்படிக்கையை 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. 1958-ஆம் ஆண்டு நீர் வழங்கல் சட்டப்படி, இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் தேவை என்பதே காரணம். பிறகு வேறு தீர்ப்புகள் வந்தன. 2017-இல் வெளியான இயக்கக் கையேடு, குடிநீருக்கு 254,170 ஏக்கர்-அடி என்று பங்கை எழுத்தில் வரையறுத்தது. கீழ்ப்பகுதி மாநிலங்கள் வழக்காட முடிந்ததே, எதிர்க்க ஒரு சட்டமும் ஓர் எண்ணும் இருந்ததால்தான்.

இங்கே வழி என்ன? பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நீர்வளத் துறையிடம் மனுப் போடலாம். குடிநீர் எடுப்பதை நிறுத்த வேண்டிய மட்டம், நாள்வாரியாக எடுத்த அளவு, வண்டல் போக இன்றுள்ள கொள்ளளவு ஆகிய மூன்றையும் கேட்க வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அதே துறையில் முதல் மேல்முறையீடு, அடுத்து மாநிலத் தகவல் ஆணையம். கிடைத்த தாளோடு ஆட்சியரின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போய், பேசியது பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் தீர்மானம் போட்டால் மனுவுக்குக் கனம் கூடும். அதற்கும் அசையாவிட்டால் அரசமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே முதலில் கேட்கப்படுவது இந்த ஆவணங்கள்தான். ஏரி நிரம்பியிருக்கும் ஆண்டிலேயே இவற்றைச் சேர்த்து வைப்பது நல்லது. மட்டம் இறங்கிய பிறகு மனுப் போட்டால், பதில் வருவதற்குள் பயிர் காய்ந்துவிடும்.