ஒரு பெயர், பல எழுத்துக்கூட்டல்

ஸ்காத்துலாந்து, அயர்லாந்து நாட்டுக் குடிப்பெயர்களின் முன் நிற்கும் ‘மாக்’ என்பதற்கு மகன் என்பது பொருள். அதனை ரோமன் எழுத்தில் ‘எம், ஏ, சி’ என்றும், ‘ஏ’ நீக்கி ‘எம், சி’ என்றும் எழுதுவர். எழுத்து வேறாயினும் சொல் ஒன்றே. நம் அடையாள அட்டையிலுள்ள ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்பனவும் மகன், மகள் எனப் பொருள்படும் மலாய்ச் சொற்களின் சுருக்கங்களே. அவற்றின் இருபுறமும் நிற்கும் நம் பெயர்களும் அவ்வாறே பலவாறு எழுதப்பட்டுள்ளன.

இதற்குக் காரணம் யாது? ஆறுமுகம் என்னும் பெயரிலுள்ள ககரம் மென்மையாக ஒலிக்கும். ஒலியைப் பின்பற்றியவர் ‘ஜி’ இட்டனர். எழுத்தைப் பின்பற்றியவர் ‘கே’ இட்டனர். சின்னையா ‘எஸ்’ எழுத்திலும் ‘சி, எச்’ எழுத்துகளிலும் தொடங்குகிறார். வடமொழி வடிவை நோக்கியவர் இலட்சுமியின் இடையில் ‘கே, எஸ், எச்’ எழுதினர். தமிழர் நாவொலியைக் கேட்டவர் ‘டி, சி, எச்’ எழுதினர். தோட்டக் கிராணியும் பதிவு எழுத்தரும் தாம் கேட்டவாறு எழுதினர். 1948இல் மலாயாவில் அடையாள அட்டை வந்தபோது, அவ்வாறு எழுதப்பட்டதே ஒருவரின் சட்டப் பெயராயிற்று.

ஸ்காத்துலாந்துக் குடிப்பெயர் தலைமுறைதோறும் தொடர்வது. நமக்கோ தந்தை பெயர் மக்களோடு நின்றுவிடுகிறது. பேரன் பெயரில் அது இடம்பெறுவதில்லை. ஆகவே தந்தையையும் பிள்ளையையும் பெயரளவில் இணைப்பது அந்த ஒரு பெயரே. தந்தை அட்டையில் ஓர் எழுத்தும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வேறோர் எழுத்தும் இருந்தால், நிலமோ சேமநிதியோ கோரும் நாளில் ‘இருவரும் ஒருவர்தாமா?’ என்னும் வினா எழக்கூடும்.

நம் மாநிலமான ஜொகூரின் பெயர்கூட முன்னர் ரோமன் எழுத்தில் இறுதி ‘இ’ பெற்றிருந்தது. இன்று அவ்வெழுத்து இல்லை. ஊர்ப்பெயரை அரசு ஒருங்கே மாற்றலாம். குடும்பத்தின் பழைய தாள்களை அவ்வாறு மாற்ற இயலாது.

எனவே ஸ்கூடாய் வாழ் தமிழர் நாம் செய்யத்தக்கவை இரண்டு. குழந்தையின் பிறப்பைப் பதியும்போது, பெற்றோர் பெயரை அவர்தம் அட்டையில் உள்ளவாறே எழுத்தெழுத்தாக ஒப்பிடுவோம். அழகு கருதித் திருத்தாதிருப்போம். வீட்டில் ஒரு குறிப்பேடு வைத்து, முன்னோர் ஒவ்வொருவரின் பெயரையும் தமிழில் எழுதி, அதனருகே ஆவணங்களில் காணும் ரோமன் வடிவங்களையும் ஆண்டுகளையும் குறிப்போம். பிரிந்து நிற்கும் அவ்வடிவங்களை ஒருவருடையன என்று நம் பேரர்க்குக் காட்டவல்லது அத்தமிழ் வடிவமே.