‘பீப்’ சத்தம் எல்லாம் புதையல் அல்ல

இங்கிலாந்தில் மெற்றல் டிடெக்டரோடு வயல்களிலும் கடற்கரைகளிலும் தேடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. 2009 இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் அப்படித் தேடிய ஒருவருக்கு ஆங்கிலோ-சாக்சன் காலத் தங்கக் குவியலே கிடைத்தது.

விடுமுறைக்குப் பள்ளிமுனை வருபவருக்கும் அந்த ஆசை வரலாம். அரபு வணிகர்கள் நட்டதாகச் சொல்லப்படும் பெருக்கமரம் இங்கே நிற்கிறது. பாலம் தாண்டிப் போனால் பழைய துறைமுகமான மாந்தை. ஆனால் மன்னார் மாவட்டம் போர் நடந்த மண்.

கருவியின் சுருளில் மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் உருவாகிறது. அது மண்ணிலுள்ள உலோகத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்ட, கருவி அதை உணர்ந்து ஒலி எழுப்புகிறது. புதைந்திருப்பது காசா, ஆணியா, எறிகணையா என்பதை அந்த ஒலி உறுதியாகச் சொல்லாது. உப்பு ஊறிய ஈரமணலில் சாதாரண கருவிகள் பொய்ச் சத்தமும் போடும்.

சத்தம் வராவிட்டாலும் நம்ப முடியாது. இங்கு புதைக்கப்பட்ட பி4 வகை மிதிவெடியின் உடல் பிளாஸ்டிக். உள்ளே உலோகம் மிகக் குறைவு. பொழுதுபோக்குக் கருவி அதைத் தவறவிடலாம். கண்ணிவெடி அகற்றுபவர்கள் பாதுகாப்பு உடையோடு, பயிற்சி பெற்று, அங்குலம் அங்குலமாக வேலை செய்வது அதனால்தான்.

சட்டமும் உண்டு. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, மண்ணுக்குள் கண்டெடுக்கப்படாமல் இருக்கும் தொல்பொருள் அரசின் சொத்து. 1815 மார்ச் 2 க்கு முற்பட்டவை இதில் அடங்கும். சொந்தக் காணியென்றாலும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம்.

இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்றும் எங்களுக்கு இருக்கிறது. 2018 இல் மன்னார் சதொச வளாகத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. பின்னர் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. 2025 ஓகஸ்ட்டில் செம்மணிப் புதைகுழியில் எடுத்த பொருட்கள், உறவுகள் அடையாளம் காண்பதற்காகக் காட்டப்பட்டன. ஒரு வளையலோ பொத்தானோ கிடந்த இடத்தில் கிடந்தால்தான் சாட்சி. பிடுங்கி எடுத்தால் வெறும் பொருள்.

எனவே சந்தேகமான எதையும் கண்டால் தொடாதீர்கள், தோண்டாதீர்கள். வந்த வழியே திரும்பி, 119 க்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.