வாவிக்கரையில் இரண்டு மணித்தியாலம்

இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் விசாரித்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. கிழமைக்கு 120 நிமிடமாவது மரம், செடி, நீர்நிலை உள்ள இடங்களில் கழித்தவர்கள், அப்படிப் போகாதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே நாளில் கழித்தாலும் பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் பலன் ஒன்றுதான்.

மட்டக்களப்பு நாவற்குடாவில் இருப்பவர்களுக்கு இதற்காகப் பயணம் எதுவும் தேவையில்லை. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் கொக்கும் நீர்க்காகமும் மரங்களில் வந்தடையும்; தோணிகளில் வலை வீசுவார்கள். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இயற்கையில் ஆறுதல் தேடுவது மட்டக்களப்புக்குப் புதிதுமல்ல. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1996இல் இங்கே தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டி நடித்தார்கள். இழப்பைச் சொல்ல வார்த்தை கிடைக்காத பிள்ளைகளுக்கு மண்ணும் மரமும் எவ்வளவு பெரிய துணை! உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் இன்று பின்னேரம் கூட்டிப் போங்கள். சேறு பட்டால் படட்டும், விளையாட விடுங்கள்.