சீரியல் நேரத்தில் தாய்ப்பால்!

"குழந்தை எடையே ஏறலை டாக்டர். பால் ஊற தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் தாங்க" என்று வந்தாள், பிரசவமாகி 20 நாளான பெண். பால் தாராளமாகத்தான் இருந்தது. விசாரித்தால், மதியம் சீரியல் பார்த்தபடியே கொடுப்பாளாம். குழந்தை பாதியில் தூங்கிவிடுவதைக் கவனிப்பதில்லை.

"டி.வி. பார்த்தா கண்ணு கெட்டுடும்னு சொல்றேன், கேட்டாத்தானே!" என்றார் அவள் அம்மா.

கண் கெடாது. பகல் முழுக்க அறைக்குள்ளேயே இருப்பவளுக்குப் பேச்சுத்துணை வேண்டாமா? ஆனால் பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியிலிருந்து உங்கள் முகம் இருக்கும் தூரம் அது! உதட்டைச் சப்பினால், கையை வாய்க்குக் கொண்டுபோனால் பசி. அழுகை கடைசியில்தான் வரும். பாதியில் தூங்கினால் உள்ளங்காலை வருடி எழுப்பிக் கொடுங்கள். நாளைக்கு 8 முதல் 12 தடவை. அப்படியும் எடை ஏறாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சீரியலா? குழந்தை தூங்கியதும் பாருங்களேன்.