எல்லாத்தையும் மேலே கொண்டு வருவார்!

என் மகளின் பிரசவத்துக்காக 2018-ல் மான்செஸ்டருக்குப் போயிருந்தேன். அவர்கள் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. அரிசி மூட்டையிலிருந்து துணி சோப்பு வரை மாப்பிள்ளைதான் சுமந்துகொண்டு படியேற வேண்டும். முகம் சுளிக்காமல் செய்வார், பாவம்!

பேரனுக்கு ஆறு வாரம் ஆனபோது 'ஹெல்த் விசிட்டர்' வந்தார். பச்சைக் குழந்தை இருக்கும் வீடுகளுக்கு வந்து பார்ப்பதற்கென்றே தனிப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் அந்த ஊரில் உண்டு. "அப்பா, எத்தனை படி!" என்று இங்கிலீஷில் சொல்லி, மூச்சு வாங்க உட்கார்ந்தார். மகள் குளித்துக்கொண்டிருந்தாள். குழந்தை என் மடியில். என் தோளில் அவன் பால் கக்கிய துண்டு.

அதைப் பார்த்துவிட்டு நர்ஸ் கேட்டார்: "இஸ் ஹீ பிரிங்கிங் எவ்ரிதிங் அப்?"

படிக்கட்டுப் பேச்சுதான் தொடர்கிறது, மாப்பிள்ளையை விசாரிக்கிறார் என்று நினைத்தேன். "எஸ், எஸ். எவ்ரிதிங்! எவ்ரி டே!" என்றேன் பெருமையாக.

அவர் முகம் மாறியது. "எனிதிங் கிரீன்?"

"கிரீன் ஆல்சோ! சாட்டர்டே, சாட்டர்டே!" சனிக்கிழமைதானே கீரையும் பீன்ஸும் வாங்கி வருவார்!

நர்ஸ் சட்டென்று போனை எடுத்துவிட்டார். நல்லவேளை, மகள் ஈரத்தலையோடு ஓடி வந்தாள். "ஐயோ அம்மா! குழந்தை குடிச்ச பாலையெல்லாம் வாந்தி எடுக்கறானான்னு கேக்கறாங்கம்மா!"

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்த 'பிரிங் அப்' ஒன்றே ஒன்றுதான்: பிள்ளையை வளர்ப்பது. சாப்பிட்டதை வாந்தி எடுப்பதும் அதுதானாம். சளியைக் காறி வெளியே கொண்டு வருவதும் அதுவே. கூட்டத்தில் ஒரு விஷயத்தைக் கிளப்பினாலும் 'பிரிங் அப்', கம்ப்யூட்டர் திரையில் ஒரு பக்கத்தை வரவழைத்தாலும் 'பிரிங் அப்'. இதென்ன மொழி என்று அலுத்துக்கொண்டேன். அப்புறம் யோசித்தால், நாம் மட்டும் என்னவாம்? வாந்தி எடுக்கிறோம், பேச்சை எடுக்கிறோம், பிள்ளையைத் தத்து எடுக்கிறோம்!

சிரித்து முடித்த பிறகு, நர்ஸ் ஏன் அப்படிப் பதறினார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். பால் குடித்ததும் குழந்தை கொஞ்சம் கக்குவது சகஜம். எடை சரியாக ஏறி, வழக்கம்போல் சிறுநீர் போனால் கவலையில்லை. ஆனால் பச்சையாக வாந்தி எடுத்தால், குடலில் அடைப்பு இருக்கலாம். அப்போது ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓமத் தண்ணீர், வசம்பு என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆறு வாரத்தை ஒட்டி இன்னொரு தொல்லையும் வருவதுண்டு. இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாய் தடித்துக் குறுகிவிடும். குடித்த பால் பீய்ச்சி அடித்தாற்போல் தூர வந்து விழும். கக்கிய கையோடு குழந்தை மறுபடியும் பசி என்று அழும், எடை ஏறாது. சின்ன ஆபரேஷனில் சரியாகிவிடுமாம். ஆனால் நாள் கடத்தக் கூடாது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. குழந்தை நிஜமாகவே வாந்தி எடுத்துக்கொண்டிருந்து, மாப்பிள்ளை வெளியூர் போயிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? "நோ, நோ, நத்திங்!" என்றுதானே? நர்ஸும் நிம்மதியாகப் படியிறங்கிப் போயிருப்பார்.

அந்த ஊர் அரசாங்க வைத்தியத்தில், கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே ஏற்பாடு செய்வார்களாம். எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே என்ற ஜம்பம்!

அடுத்த தடவை நர்ஸ் வந்தபோது, "ஹாஸ் ஹீ பிராட் அப் ஹிஸ் விண்ட்?" என்றார். காற்றா? ஜன்னலைச் சாத்தப் போனவள், பாதியில் நின்று மகளைப் பார்த்தேன்.

"ஏப்பம்மா, ஏப்பம்!" என்றாள்.

குழந்தையைத் தோளில் போட்டு இரண்டு தட்டுத் தட்டினேன். பதிலை அவனே சொல்லிவிட்டான்.